ஐந்தாண்டு முடிந்தபின் எங்கே போவது? நேட்டாலில் ஒப்பந்தம் தீர்ந்த தமிழருக்கு முன்னிருந்த வழிகள்: ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரைப் பற்றிப் பேச்சு வந்தால் கப்பலேறிய நாளைப் பற்றியே பேசுகிறோம். 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைக்கு வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, 1911இல் ஆளெடுப்பு நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அங்கே போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையில் ஏறியவர்கள். கப்பலேறும்போது அவர்கள் எடுத்த முடிவு பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எடுத்தது. கண் திறந்து எடுத்த முடிவு ஐந்தாண்டு கழித்து, ஒப்பந்தம் தீர்ந்த அன்று வந்தது. அதற்குள் அந்த நாட்டின் மழைக்காலம் தெரியும், விலைவாசி தெரியும், எந்தத் தோட்டத்தில் சர்தார் (கூலிகளை மேய்க்கும் கங்காணி) கை நீட்டுவான், எந்தத் துரை மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பார் என்பதும் தெரியும்.

அந்த நாளில் அவர் முன் இருந்த வழிகளை இங்கே ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறோம். சம்பளத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அவர்கள் எடுத்த முடிவுகள் பல விளங்காது. தலைக்கு மேல் கூரை யாருடையது, பானைக்குள் அரிசி யார் போடுவது, வீட்டில் வேலை செய்யும் கைகள் எத்தனை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

கையில் இருந்தது எவ்வளவு

ஆண் தொழிலாளிக்குச் சட்டப்படி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை செய்து, ஒரு பென்னியும் செலவழிக்காதவருக்கு ஐந்தாண்டுக் கூலி 720 ஷில்லிங், அதாவது 36 பவுண்டு. அதுதான் உச்சவரம்பு. காய்ச்சலில் படுத்த நாள், வேலைக்கு வராத நாள், சர்தார் குறைத்து எழுதிய நாள் எல்லாம் இதிலிருந்து போகும். பெண்ணுக்குக் கூலியும் தோட்டம் தரும் உணவுப் படியும் பாதி. வேலைக்குப் போகாத நாளில் அதுவும் இல்லை.

கூலிக்கு மேலே படி உண்டு: நாளைக்கு ஒன்றரை ராத்தல் அரிசி, மாதத்துக்கு 2 ராத்தல் பருப்பு, 2 ராத்தல் கருவாடு, ஒரு ராத்தல் எண்ணெய் அல்லது நெய், ஒரு ராத்தல் உப்பு. அரிசிக்குப் பதில் வாரத்தில் சில நாள் மக்காச்சோள மாவு போடுவார்கள். அரிசி மட்டுமே மாதம் 45 ராத்தல், இன்றைய கணக்கில் 20 கிலோ. ஒப்பந்தம் தீர்ந்த மறுநாள் இந்தப் படி நிற்கும், லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். '14 ஷில்லிங் வாங்கினவன் வெளியே போய் 20 சம்பாதித்தால் லாபம்தானே' என்று கேட்பவர்கள் இந்த 20 கிலோ அரிசியையும் வாடகையையும் விட்டுவிடுகிறார்கள்.

சேமிப்பு கசியும் இடங்கள் இரண்டு. ஒன்று, சம்பள நாளில் தோட்டத்துக்கு அருகே கிடைத்த கரும்பாலை ரம். மற்றது, கடன் பேரேடு வைத்த கடை. தப்பியதை மக்கள் பெரும்பாலும் பொன்னாக்கி மனைவியின் கழுத்திலும் கையிலும் போட்டு வைத்தார்கள். பலர் ஒன்றாகத் தங்கும் கொட்டடியில் பணத்தைப் பெட்டியில் வைப்பதைவிட அது பாதுகாப்பு. அவசரத்தில் அடகும் வைக்கலாம்.

பணத்தைவிட முக்கியமானது ஒரு காகிதம், ஒப்பந்தம் தீர்ந்ததற்கான சான்று. அது கையில் இல்லாமல் சாலையில் போகிறவரை ஓடிப்போன கூலி என்று பிடிக்கலாம். சான்றில் இருக்கும் எண்ணும் கப்பல் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரை எழுத்தர் எப்படி எழுதியிருந்தாலும் ஆளை அடையாளம் காட்டியது அந்த எண்தான்.

1895க்கு முன் வந்தவரா, பின் வந்தவரா

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் பிரித்துவிட வேண்டும். முன்பு வந்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்து, மேலும் ஐந்தாண்டு நாட்டில் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். அந்த இரண்டாவது ஐந்தாண்டில் சுதந்திரமாகத் தொழில் செய்யலாம். கப்பல் சீட்டுக்குப் பதிலாக அரசு நிலம் பெறும் உரிமையும் சட்டத்தில் இருந்தது. அது மிகச் சிலருக்கே கிடைத்தது, 1891இல் அதுவும் போயிற்று.

1893இல் நேட்டால் வெள்ளையருக்குத் தன்னாட்சி வந்தது. 1895இன் 17ஆம் சட்டப்படி, அதன்பின் வந்தவர்கள் ஒப்பந்தம் தீர்ந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது இரண்டிரண்டு ஆண்டாக மறு ஒப்பந்தம் எழுத வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியில் நாலு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். 1901 முதல் இது உறைக்கத் தொடங்கியது. 1903இல் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் நீட்டினார்கள். ஆகவே ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த இரு குடும்பங்களுக்கு, வந்த கப்பலைப் பொறுத்து, எதிரெதிரான முடிவு சரியாக இருந்திருக்கும்.

மறுபடியும் ஒப்பந்தம்

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. முதல் ஒப்பந்தத்தில் எந்தத் தோட்டம் என்பதைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. டர்பனில் இறங்கியதும் பிரித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ஒப்பந்தத்தில் அவர் முதலாளியைத் தேர்ந்தெடுக்கலாம், பேரம் பேசலாம். 1895 சட்டத்தில் மறு ஒப்பந்தக் கூலி மாதம் 16 ஷில்லிங்கில் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக ஏறி ஒரு பவுண்டு வரை போகும், படி தனி. முதல் இரண்டாண்டுக்கு 19 பவுண்டு 16 ஷில்லிங். கூரை உண்டு, அந்த 3 பவுண்டு வரி இல்லை. தனி ஆளாக, கடனோடு நிற்பவருக்கு இதைவிட நிச்சயமான வழி வேறில்லை.

இழப்பது நடமாட்டத்தை. முதலாளி தரும் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. வேலையை விட்டால் அது ஒப்பந்த மீறலாக மட்டும் நிற்காது, குற்றமாகிச் சிறைக்கும் போகும். அடிபட்டவர் புகார் சொல்லப் போவதற்கே அனுமதி தேவைப்பட்ட நாடு அது. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, காந்தியிடம் வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பெரிய நிவாரணம் ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்ததுதான்.

எனவே மறு ஒப்பந்தம் என்றால் முதலாளியைத் தேர்வதில்தான் எல்லாம் இருந்தது. சம்பளம் மாதாமாதம் கிடைக்கிறதா என்பது முதல் கேள்வி. இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்த 1872 விசாரணைக் குழுவின் முன் வந்த புகார்களில் சம்பள பாக்கியும் நோய் நாள் பிடித்தமும் முன்னால் நின்றன. அடுத்தது லைனுக்கு அருகே நல்ல தண்ணீர் உண்டா என்பது. பிறகு நாள் வேலை அளவாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறதா, அப்படியானால் ஒருவருக்கு எத்தனை வரிசை களையெடுப்பு என்று விசாரிக்க வேண்டும். அளவு நியாயமாக இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிட்டுத் தன் சிறு கொல்லையைப் பார்க்கலாம். அநியாயமாக இருந்தால் முடிக்காத நாளுக்குக் கூலியே எழுதமாட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் ஆலை ஓடும் மாதங்களில் வேலை நேரம் நீளும். கியர்ஸ்னியில் ஹுலெட் என்ற தோட்ட முதலாளி தொடங்கிய தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில் பெண்களும் பிள்ளைகளும் கொழுந்து பறிக்கலாம். குடும்பத்தோடு இருந்தவருக்குக் கரும்பைவிடத் தேயிலை ஒத்துவரக் காரணம் அதுதான்.

ரயில், நகரசபை, சுரங்கம்

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு 1880இலும், லேடிஸ்மித்துக்கு 1886இலும், எல்லையோரச் சார்ல்ஸ்டவுனுக்கு 1891இலும் ரயில் போயிற்று. தண்டவாளம் போடும், பழுது பார்க்கும் கூட்டங்களில் நிறையத் தமிழர் இருந்தார்கள். தோட்டத்தைவிட அரசு வேலையில் சம்பளம் ஒழுங்காக வரும். ஆனால் கூட்டம் பாதையோடு நகர்ந்துகொண்டே இருக்கும், குடும்பம் வேர்விட முடியாது.

டர்பன் நகரசபையின் தெருக்கூட்டல், கழிவு அகற்றல், சாலை வேலைகள் வேறு வகை. அவர்கள் குடியிருந்த 'மேகசின் பேரக்ஸ்' நெரிசலானது, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற கணக்கு. ஆனாலும் நகரத்துக்குள் வாடகையில்லாத அறை என்பது அன்றைய டர்பனில் பெரிய சொத்து. கணவன் நகரசபைக் கூலி வாங்க, மனைவி தலையில் கூடையோடு காய்கறி விற்க இரண்டு வருமானம் வரும். தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நெருக்கமாக வாழ்ந்ததால் திருவிழா, சாவு, கல்யாணத்துக்குத் துணை உண்டு. ஐந்தாண்டுத் தனிமைக்குப் பிறகு அதுவும் ஒரு கூலிதான்.

வடக்கே டண்டீ, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் கூலி அதிகம், கையில் நோயோடு திரும்பும் வாய்ப்பும் அதிகம். கடற்கரையில் பழகிய உடம்புக்கு அந்த மேட்டுநிலத்தின் உறைபனி குளிர்காலம் தாங்காது. குடும்பம் உள்ளவருக்கு இதை நாங்கள் கடைசியில்தான் வைப்போம்.

குத்தகைத் தோட்டமும் கூடையும்

பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அதிகமான குடும்பங்களை நிலைநிறுத்தியது இந்த வழிதான். இந்தியர் நிலையை 1885 முதல் 1887 வரை விசாரித்த அரசின் ராக் குழு, இந்தியர் தோட்டங்களால் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் காய்கறி மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கத் தொடங்கியதை ஒப்புக்கொண்டது. ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றதில்லை. யாருக்கு ஏற்றது என்பதைத் தீர்மானித்தது நிலத்தைவிட ஆள்பலம்தான்.

வேலையை இப்படிப் பாருங்கள். கொத்தி, நட்டு, தண்ணீர் சுமந்து, களையெடுக்க ஒருவர் நாள் முழுதும் நிலத்தில் இருக்க வேண்டும். விளைந்ததை விடியுமுன் எடுத்துக்கொண்டு நகருக்கு நடந்து, வீடு வீடாக விற்று, மாலையில் திரும்ப இன்னொருவர் வேண்டும். தனி ஆள் இரண்டையும் செய்ய முயன்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிலம் காய்கிறது, அல்லது காய் முற்றிப் போகிறது. கப்பலுக்கு 100 ஆணுக்கு 40 பெண் என்பதே சட்டம் கேட்ட அளவு. மனைவி இல்லாத ஆண்கள் மிகுதி. அவர்களுக்கு ஒரு குடிசை, ஒரு பானை என்று இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் கூடை எடுக்க மற்றவர் மண்வெட்டி எடுப்பதே நடைமுறை. கூட்டாளி இல்லாத ஒற்றை ஆள் குத்தகை எடுப்பதைவிட மறு ஒப்பந்தம் எழுதுவதே மேல்.

தொடங்கும்போது தேவையான பணத்தில் பெரிய பங்கு நிலத்துக்குப் போவதில்லை, முதல் அறுவடை வரும்வரை சாப்பாட்டுக்குப் போகிறது. கீரை ஒரு மாதத்தில் விற்பனைக்கு வரும், முள்ளங்கி ஒன்றரை மாதம், வெண்டை ஏறக்குறைய இரண்டு மாதம். கத்தரி, மிளகாய், பூசணிக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும். மக்காச்சோளமும் புகையிலையும் நாலு மாதம். வாழைக்கு ஓராண்டுக்குக் குறையாது. நாலு மாத அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவர் தப்பினார். கடைக்காரரிடம் அரிசியும் விதையும் கடனாக வாங்கி, விளைச்சலைக் காட்டிக் கைநாட்டு வைத்தவருக்கு முதல் இரண்டு அறுவடையும் கடைக்காரருக்கே போயின.

பட்டம் மாறுவது புதியவரை ஏமாற்றும். ஆடிப்பட்டம் தேடி விதைத்து வளர்ந்தவருக்கு நேட்டாலின் ஆடி மாதம் மழையில்லாத குளிர்காலம். மழை ஐப்பசியில் தொடங்கும், மார்கழியும் தையும் கடும் கோடை. மக்காச்சோளத்தை ஐப்பசி, கார்த்திகையில் போட வேண்டும். ஆனால் டர்பன் கடற்கரைப் பகுதியில் உறைபனி விழுவதில்லை. அதனால் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கத் தயாராக இருப்பவர் குளிர்காலத்தில் பீன்ஸ், தக்காளி, முட்டைக்கோஸ் எடுக்கலாம். மேட்டுநிலம் பனியில் கருகிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் காய்கறிக்கு விலை உண்டு.

நிலம் எங்கே என்பதும் பெரிய கேள்வி. உம்கேனி ஆற்றோரத்து ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் வண்டல் மண், உரமே வேண்டாம். ஆனால் ஆறு பெருகினால் பயிரும் குடிசையும் சேர்ந்து போகும். மேவில், கேட்டோ மேனர் சரிவுகளில் வெள்ளப் பயமில்லை, தண்ணீர் சுமக்கும் முதுகு வேண்டும். தெற்கே கிளேர்வுட் பக்கம் தாழ்ந்த சதுப்பு, வடிகால் வெட்டினால் நன்றாக விளையும், கொசுவும் விளையும். இவை பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அதனால் நகர வரி இல்லை, கட்டட விதிகள் இல்லை, களிமண் பூசிய தட்டிச் சுவரோ தகரமோ வைத்துத் தானே வீடு கட்டலாம். நகருக்குள் கிரே தெருவை ஒட்டிய மேற்குச் சதுப்பில் வாடகை கொடுத்து நெரிசலில் இருப்பதோடு ஒப்பிட்டால், ஐந்தாறு மைல் நடப்பது பலருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இந்த வழியில் மிகப் பெரிய ஆபத்து குத்தகைதான். ஓராண்டுக்கு, வாய்வார்த்தையாகவே பெரும்பாலும் முடியும். நிலச் சொந்தக்காரருக்குப் புதர் வெட்டித் திருத்திய நிலம் வேண்டும். குத்தகைக்காரர் இரண்டாண்டு உழைத்துத் திருத்தியதும் வாடகை ஏறும், அல்லது 'காலி செய்' என்று வரும். எனவே எழுத்தில் மூன்றாண்டாவது கிடைக்காத இடத்தில் வாழை, மா, எலுமிச்சை வைப்பது மற்றவருக்கு மரம் வளர்ப்பதாகும். வீட்டையும் மரச்சட்டத்தில் தகரம் அடித்துக் கட்டினால் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நேட்டால் இந்தியர் வீடுகள் நெடுங்காலம் மரமும் தகரமுமாகவே இருந்ததற்கு வறுமையோடு இந்த நிலையின்மையும் காரணம்.

விற்பனைக்கு வருவோம். தோளில் கம்பும் இருபுறமும் கூடையுமாக வெள்ளையர் வீட்டு வாசல்களுக்குப் போனால் நல்ல விலை கிடைக்கும். அங்கே முட்டைக்கோஸ், கேரட், பட்டாணி, பழம் கேட்பார்கள். வாரக் கணக்கு வைத்து வாங்கும் வீடுகளில் சில பாக்கியோடு ஊரை விட்டுப் போய்விடும், அதை வசூலிக்க வழியில்லை. கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலைக்கு வாங்குவோர் நம்மவர்களே. 1910இல் விக்டோரியா தெருச் சந்தை வரும்வரை கிரே தெரு ஜும்மா மசூதி வளாகமே இந்தியத் தோட்டக்காரர்களின் விடிகாலைச் சந்தையாக இருந்தது. தமிழ்க் குடியானவர்களுக்கு மசூதி வாசல் கொடுத்த அந்த ஆதரவை நன்றியோடு சொல்ல வேண்டும். மூன்றாவது வழி, காயை மொத்தமாக இன்னொரு கூடைக்காரரிடம் தள்ளிவிட்டுத் திரும்புவது. விலை குறையும், ஆனால் ஒரு நாள் வேலை மிஞ்சும். நிலத்தில் ஆள் குறைவான குடும்பத்துக்கு இதுவே சரி.

விடியுமுன் கிளம்புவதிலும் ஒரு சிக்கல். 1869 முதல் இருந்த சட்டப்படி, வெள்ளையர் அல்லாதவர்கள் இரவு 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே காரணம் காட்டாமல் நகரில் நடமாடினால் பிடிக்கலாம். சந்தைக்குப் போகிற கூடையே காரணம் என்று சொல்லலாம், காவலர் ஏற்க வேண்டும். சான்றிதழை மடித்து இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் யாரும் கிளம்பவில்லை.

எல்லாப் பயிரையும் காய்கறியாகப் போட்டவர்கள் 1895, 1896 வெட்டுக்கிளிக் காலத்தில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். ஒரு மூலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டவருக்கு இலை போனாலும் மண்ணுக்குள் சோறு இருந்தது. 1897இல் மாட்டுக் கொள்ளைநோய் வந்து வண்டி மாடுகள் மடிந்தபோது, தொலைவில் நிலம் எடுத்தவர்கள் விளைச்சலை நகருக்குக் கொண்டுவர முடியாமல் தவித்தார்கள். தோளில் சுமக்கும் தூரத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். புகையிலையும் காய்ந்த மிளகாயும் இந்த விதத்தில் நல்ல சரக்கு: எடை குறைவு, கெடாது, தோட்டத்து லைன்களில் எப்போதும் வாங்குவார்கள்.

கடை வைப்பது

1870களில் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் தங்கள் செலவில் கப்பலேறி வந்து டர்பனின் வெஸ்ட் தெருவிலும் கிரே தெருவிலும் கடை போட்டார்கள். அவர்களுக்கு முதல் இருந்தது, மொத்த வியாபாரிகளிடம் நாணயமும் இருந்தது. ஐந்தாண்டுச் சேமிப்போடு வருகிற தமிழர் அங்கே போட்டியிட முடியாது. அவருக்குப் பொருந்தியது தோட்டத்துக்கு அருகே ஒரு தகரக் கடை: அரிசி, பருப்பு, மஞ்சள், மிளகாய், புளி, எண்ணெய், துணி, புகையிலை. பின்கட்டில் குடியிருப்பு, வாடகை ஒன்றே. வாங்குபவர் தம் மொழிக்காரர், அவர் சம்பள நாள் எது என்பதும் தெரியும். கடன் கொடுக்காமல் இந்தக் கடை நடக்காது. துரை சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தினால் கடையும் சேர்ந்து நிற்கும். அரைவாசி முதலைச் சரக்கிலும் மீதியைக் கடன் தாங்கவும் பிரித்து வைக்காதவர்கள் முதல் ஆண்டிலேயே மூடினார்கள்.

1897இன் 18ஆம் சட்டம் வந்தபின் நிலைமை கடினமாயிற்று. உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம், கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் நகரசபையிடமே முறையிட வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வழி இல்லை. அந்த நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்களில் போட்டிக் கடைக்காரர்களும் உண்டு. ஆங்கிலம் எழுதத் தெரிந்த மகனோ, கூலிக்குக் கணக்கெழுத ஆளோ இல்லாதவர் 1897க்குப் பின் கடையில் பணம் போட்டது சூதாட்டம்.

கைத்தொழில் தெரிந்தவர்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து வந்த மீனவர்கள் டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியேறி கரைவலை இழுத்தார்கள். புதுமீனை நகரில் விற்று, மிஞ்சியதை உப்பிட்டுக் காயவைத்தார்கள். தோட்டப் படியில் கருவாடு சட்டப்படி இருந்ததால் அதற்கு வாங்குவோர் நிரந்தரம். சலவைத் தொழிலாளிகள் ஆற்றோரங்களில் வெள்ளையர் வீட்டுத் துணி வெளுத்தார்கள். சமையல், ஓட்டல் பரிமாறல் வேலைகளும் உண்டு. தொழில் கையில் இருந்தவருக்கு நிலக் குத்தகையைவிட இவை நல்லவை, முதலீடு குறைவு, பருவம் பார்க்க வேண்டாம். பொற்கொல்லருக்குச் சொல்லவே வேண்டாம். எல்லாரும் சேமிப்பைப் பொன்னாக்கிய ஊர் அது.

கிம்பர்லி, டிரான்ஸ்வால்

நேட்டாலுக்கு வெளியேயும் வழி இருந்தது: 1870களில் கிம்பர்லியில் வைரம், 1886இல் டிரான்ஸ்வாலின் ஜோஹன்னஸ்பர்கில் தங்கம். கூலி அங்கே அதிகம், விலைவாசியும் அதிகம். டிரான்ஸ்வாலின் 1885 சட்டமும் அதன் மறு ஆண்டுத் திருத்தமும் 3 பவுண்டு பதிவுக் கட்டணம் கேட்டன. ஒதுக்கிய குடியிருப்புக்கு வெளியே நிலம் வாங்க முடியாது. பக்கத்து ஆரஞ்சு சுதந்திர நாட்டில் 1890களின் தொடக்கத்தில் இந்திய வணிகர்களை வெளியேற்றியே விட்டார்கள். சலவை, பரிமாறல், கூடை வியாபாரம் தெரிந்த இளைஞர் இரண்டு மூன்றாண்டு போய்ப் பணம் பார்த்துத் திரும்பலாம். குடும்பத்தோடு வேர்விட ஏற்ற இடமாக 19ஆம் நூற்றாண்டில் அது இல்லை.

ஊர் திரும்புவது

1871இல் முதல் தொகுதியாக ஊர் திரும்பியவர்கள் சென்னையில் சொன்ன புகார்களால்தான் 1872 விசாரணையும், நேட்டாலில் இந்தியருக்கான பாதுகாவலர் பதவியும் வந்தன. பின்னால் வந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

பணக் கணக்கில் திரும்புவது ஆண்டுக்கு ஆண்டு லாபமாகத் தெரிந்தது. 1860களில் ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய், வெள்ளி விலை சரிந்து 1890களின் கடைசியில் 15 ரூபாய். 20 பவுண்டு கொண்டுபோனவருக்கு 200க்குப் பதில் 300. ஆனால் எந்த ஆண்டில் போகிறார் என்பது அதைவிடப் பெரியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் போய்ச் சேர்ந்தவரின் சேமிப்பு, உறவினர் வயிற்றுக்கே பற்றாது. நல்ல ஆண்டிலும் கடல் தாண்டியவரைச் சாதிக்குள் சேர்க்கப் பிராயச்சித்தச் செலவு, பழைய கடன், நிலம் வாங்கப் போனால் ஏற்றிச் சொல்லும் விலை. நேட்டாலில் வேறு சாதியிலோ வேறு மொழியிலோ மணம் செய்தவருக்கு, அவர் பிள்ளைகளுக்கு, ஊரில் இடமே இல்லை. திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் ஒப்பந்தம் எழுதி அதே கடலைக் கடந்தார்கள். ஊரில் பெற்றோர் இருந்து, நிலம் பெயரில் இருந்து, தனி ஆளாக இருப்பவருக்கு மட்டுமே திரும்புவது தெளிவான முடிவு.

1895 சட்டத்துக்குப் பின் வந்த குடும்பத்தின் கணக்கு

1895க்கு முன் வந்த, வேலை செய்யும் இரண்டு கைகளுக்கு மேல் உள்ள குடும்பத்துக்கு எங்கள் தீர்ப்பு குத்தகைத் தோட்டம்தான், கணவனுக்கு நகரசபை வேலை கிடைத்தால் அது இரண்டாவது. பின்னால் வந்த குடும்பத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கணவனும் மனைவியும் வரி கட்டினால் ஆண்டுக்கு 6 பவுண்டு, வாரத்துக்கு 2 ஷில்லிங் 4 பென்னி, கூடையில் காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வயது வந்த இரு பிள்ளைகள் சேர்ந்தால் 12 பவுண்டு, 240 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் வாங்கியவரின் முழு ஆண்டுக் கூலி 168. இந்தக் கணக்கில் ஒருவர் மறு ஒப்பந்தம் எழுதினால் அவர் விரும்பி எழுதினார் என்று சொல்வது பொய். அந்த வரி எதற்காக வைக்கப்பட்டதோ அது நடந்தது, அவ்வளவே. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914இல்தான் வரி நீங்கியது.

தம் முன்னோர் எந்த வழியை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று தேடுகிறவர்கள் கப்பல் பதிவேட்டில் எண், கப்பல், வந்த தேதி, வயது, தந்தை பெயர், மாவட்டம், தாலுகா, ஊர், சேர்ந்த முதலாளி ஆகியவற்றைக் காணலாம். முதலில் தேதியைப் பாருங்கள், 1895 சட்டத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று. அடுத்து அதே கப்பலில் மனைவியும் பிள்ளைகளும் அடுத்தடுத்த எண்ணில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்தால், அவர் கையில் மண்வெட்டி இருந்ததா, கூடை இருந்ததா, மறு ஒப்பந்தக் காகிதம் இருந்ததா என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.